இரண்டே பேருக்கு ஒரு ரேக்ளா

வண்டி செய்வது எப்படி என்று உங்களுக்குக் கற்றுத்தர எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரக்காலை எப்படி இறக்குவது, சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை எந்தச் சூட்டில் மாட்டுவது என்பதெல்லாம் உள்ளே இருக்கும் ஆசாரிகளைக் கேளுங்கள். நான் முப்பது வருஷம் இந்தப் பட்டறையின் வாசலில் நின்று வண்டி விற்றவன். எனக்கு உளியும் வாய்தான், இழைப்புளியும் வாய்தான். வேலையிலிருந்து நின்ற பிறகும் வாய் நிற்கவில்லை என்று வீட்டில் புகார் இருக்கிறது. விற்பனைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள்தான் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சாமர்த்தியங்களைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆகையால் நான் செய்த பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒன்றரை முழப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் பட்டறையையே மூடப் பார்த்தவன் நான்.

களம்பூர் பக்கம் ரயில் நிற்க ஆரம்பித்த புதிது. அப்போது ஆரணியில் வண்டி என்றால் இரண்டே ரகம். பெரிய மனிதர்களுக்குக் குதிரை பூட்டிய கோச்சு. மற்றவர்களுக்கு இரட்டை மாடு கட்டிய கூண்டு வண்டி. அந்தக் கூண்டு வண்டியில் குடும்பம் ஏறும், நெல்மூட்டை ஏறும், பண்டிகை சமயத்தில் ஆட்டுக்குட்டியும் ஏறும். இடையில் ஒன்றும் கிடையாது.

ஒருமுறை வேலூர் போயிருந்தபோது ஒரு வெள்ளைக்கார டாக்டரும் அவர் மனைவியும் ரேக்ளா என்கிற திறந்த வண்டி ஒன்றில் போவதைப் பார்த்தேன். இரண்டு சக்கரம், ஒரு குதிரை, இரண்டே பேர் உட்கார இடம். மேலே கூண்டு இல்லை. காற்று முகத்தில் அடிக்க, எதற்கோ சிரித்துக்கொண்டே போனார்கள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை வாயைத் திறந்துகொண்டு நின்றேன். விலையை விசாரித்தபோது திறந்த வாய் மூடிக்கொண்டது. ஆனால் ஆரணி வந்து சேருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பித்தளை விளக்கு வேண்டாம், தோல் மெத்தை வேண்டாம், மெருகெண்ணெய் வேண்டாம். நம் ஊர் மரம், பஞ்சு மெத்தை, ஒரு மட்டக்குதிரை. அப்படிச் செய்தால் நாலு தறி வைத்திருக்கும் நெசவுக்காரர்கூட வாங்கிவிடலாம்.

பட்டறை அப்போது முதலாளியம்மாவின் கையில் இருந்தது. முதலாளி காலமாகி இரண்டு வருஷம். ஏழு வருஷம் காயவைத்த மரத்தை அவர் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் அண்ணன் போளூரில் நெல் வியாபாரம். கொட்டகையை நெல் கிடங்காக்கிவிட்டுத் தங்கையை வீட்டோடு அழைத்துப் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். என் யோசனையைச் சொன்னபோது அம்மா மர அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் நல்லவருதான்பா. ஆனா அங்க போனா நான் அடுப்பங்கரையில குந்திகினு இருப்பேன். இங்க நான் முதலாளி. இந்த மரம்தான் கடைசி. இதுல அஞ்சு வண்டி வரும். ஆடிப்பெருக்குக்குள்ள அஞ்சும் போவணும். போவலன்னா அண்ணன் வந்து இட்டுகினு பூடுவாரு. நீயும் வேற எடம் பாத்துக்கோ."

"போவும்மா. நான் கீறேன்ல?" என்றேன். வாய்தான் என் உளி என்று சொன்னேனே, அது சில சமயம் சொந்தக் காலையும் செதுக்கும்.

ஐந்து ரேக்ளாவும் தயாராயின. லேசான வண்டி, ஒற்றை விரலால் தூக்கலாம் போலிருக்கும். வாசலில் நிறுத்தியதும் ஊரே கூடியது. கூடியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ரெண்டு பேருதானா?"

"ஆமாங்க."

"அப்போ மாமியா எங்க குந்துவாங்க?"

"ரெண்டு பேருக்கு ஒரு வண்டியா? இன்னாபா, உனக்குப் புத்தி நாஸ்தியா பூட்சா?"

ஒரு மாதம் இதையே கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் வண்டியைத் தடவிப் பார்த்தவர்கள் நூறு பேர். உட்கார்ந்து பார்த்தவர்கள் ஐம்பது பேர். வாங்கியவர் ஒரே ஒருவர்.

அவர் சேவூர்க்காரர். நாலு தறி ஓடும் வீடு. பட்டு நூல் வாங்க ஆரணிக்கு வரும்போதெல்லாம் மனைவியோடு வருவார், ஏனென்றால் நூலின் தரத்தை விரலால் தொட்டுச் சொல்வதில் அவரைவிட அந்த அம்மாள் கெட்டிக்காரி. அவர் மூன்று தடவை வந்து வண்டியைச் சுற்றினார். மூன்றாவது தடவை கேட்டார்:

"ரெண்டு பேருதானுங்களே?"

ஆரம்பித்துவிட்டார் ஐயா என்று நினைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன்.

"நெஜமாவே ரெண்டே பேருதானா? மூணாவது ஆளு எங்கயும் தொத்திக்க முடியாதே?"

"முடியாதுங்க."

சிரித்தார். அன்றே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஒன்று போனது, நாலு நிற்கிறதே என்ற பயம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பயத்தில் ஒரு யோசனை வந்தது. பயத்தில் வரும் யோசனை பார்க்க ரொம்ப லட்சணமாக இருக்கும், ஜாக்கிரதை. இரண்டு பேர்தானா என்றுதானே எல்லோரும் கேட்கிறார்கள்? பின்னால் ஒரு பலகை போட்டுவிட்டால் மூன்றாவது ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வாரே! ஆசாரி முகத்தைச் சுளித்தார். நான் கேட்கவில்லை. நின்ற நாலு வண்டிக்கும் திருகாணி போட்டுப் பலகை மாட்டச் செய்தேன். அதோடு விட்டேனா? வாங்கிய மனிதருக்கு மட்டும் குறை வைக்கலாமா என்று ஐந்தாவது பலகையை எடுத்துக்கொண்டு சேவூருக்கே போனேன், இலவசமாக மாட்டித்தர.

காலையில் தெருவில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி முடிக்கும்வரை தெருமுனையில் காத்திருந்து உள்ளே போனேன். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "எதுக்குங்க அது? வாணாங்க" என்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

அதற்குள் வீட்டிலிருந்து மாமா வந்துவிட்டார். சேவூர்க்காரரின் மனைவிக்குத் தாய்மாமன், அந்தப் பெண்ணை வளர்த்தவர். பெரிய மீசை, பெரிய குரல், உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. "பேஷ்! போடுயா, ஜல்தியா போடு" என்றார். மாமா சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மாட்டினேன். மாட்டிய நிமிஷமே மாமா ஏறி உட்கார்ந்தார்.

"மூணு பேரா போவக்கூடாதே மாமா?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பினால் விளங்காது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாமா தெருவில் இப்படியும் அப்படியும் பார்த்தார். கீழே கிடந்த கருங்கல் ஒன்றை எடுக்கச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ நாலு. ஓட்டு!"

நான் சந்தோஷமாக ஆரணிக்குத் திரும்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, சந்தை நாள். பட்டறை வாசலில் நல்ல கூட்டம். தேவிகாபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்திருந்தார், புதிதாகக் கல்யாணமானவர். பலகை போட்ட வண்டியைக் காட்டி அரைமணி நேரமாக நான் பேசிக்கொண்டிருந்தேன். மனிதர் ஏறக்குறைய சம்மதித்துவிட்டார், வண்டிப் படியில் ஒரு காலும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சேவூர் ரேக்ளா வந்தது. முன்னால் அவரும் மனைவியும், இருவர் முகமும் இஞ்சி தின்றது போல. பின்னால் எங்களுக்கு முதுகு காட்டி மாமா, மடியில் கல். கடந்து வந்துவிட்ட பாதைக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இறங்குவதற்குள் சேவூர்க்காரர் குதித்து வந்து சொன்னார்:

"வண்டிய நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு வாணாம்."

கூட்டத்தில் பின்னால் நின்றவர்களெல்லாம் முன்னால் வந்தார்கள்.

"இன்னா கொறைங்க?"

"கொற ஒண்ணும் இல்லீங்க."

"அச்சு சத்தம் போடுதா?"

"இல்ல."

"ஆட்டம் குடுக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க. வாணாம், அவ்ளோதான்."

"நான் அப்பவே சொன்னேன், சக்கரம் பெருசுன்னு" என்றார் மாமா, எங்கள் எதிர்ப்பக்கம் பார்த்தபடி.

காரணம் சொல்லித் திருப்பினால் சரிசெய்யலாம். காரணம் சொல்லாமல் திருப்பினால் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். வாத்தியார் படியிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஆடிப்பெருக்குக்கு இருபது நாள்கூட இல்லை. என் கண்ணுக்கு முன்னால் கொட்டகைக்குள் நெல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியம்மா உள்ளிருந்து வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. "வெயில்ல வந்துகினு கீறம்மா, வா, தண்ணி குடி" என்று சேவூர் அம்மாளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனார். போகிற போக்கில் என்னையும் கண்ணால் கூப்பிட்டார். உள்ளே போனதும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் அந்தப் பெண் பேசினாள்.

"வூட்ல பதினோரு பேருங்கண்ணா. நாலு தறி ஓடிகினே இருக்கும். கண்ணாலம் ஆயி பன்னெண்டு வருஷம். அவரு எங்கிட்ட பேசினதெல்லாம் தண்ணி குடு, நூல் எடு, அவ்ளோதான். இந்த வண்டி வந்தப்புறம் நூல் வாங்க வரப்போ ஆத்தோரமா சுத்திகினு வருவோம். பாதி தூரம் அவரு பேசுவாரு, பாதி தூரம் நான். எனக்கு இவ்ளோ பேசத் தெரியும்னு எனக்கே தெரியாதுங்கண்ணா. பலகை வந்தப்புறம் மாமா பேசறாரு."

"மாமாவ எறங்கச் சொல்ல வேண்டியதுதானம்மா?" என்றேன்.

"எப்பிடி சொல்றது? என்ன வளத்தவரு. மனசு நொந்துடுவாரு. அதான் வண்டியே வாணாம்னுட்டாரு அவரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேலூரில் நான் பார்த்து வாய் பிளந்தது என்ன? சக்கரத்தையா? இரண்டு பேர் சிரித்துக்கொண்டு போனதைத்தானே பார்த்தேன்? அதை அப்படியே செய்து விற்றுவிட்டு, பின்னாலேயே போய் ஒன்றரை முழப் பலகையால் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கத்தோடு கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு பெரிய சந்தோஷமும் வந்தது. என் வண்டி நல்ல வண்டி. நான்தான் சரியில்லை.

ஆனால் வாசலில் கூட்டம் நிற்கிறது. ஏதாவது பழுது என்று சொல்லி வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டால் அந்த வீட்டில் சண்டை இல்லை, ஆனால் அப்புறம் ஒரு வண்டியும் விற்காது. பலகையைச் சேவூர்க்காரரே கழற்றினால் மாமா மனசு உடையும், அதை அவர் ஒருநாளும் செய்யமாட்டார். யாராவது ஒருவன் பழியைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தலை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எல்லாரும் கேளுங்க! இந்தப் பலகை என் கெட்ட புத்தி. ஆசாரி வாணாம்னாரு, நான் கேக்கல. எங்க பட்டறை ரேக்ளால ரெண்டு பேருதான் குந்தணும். அதான் பட்டறை சட்டம். மூணாவது ஆளு யாரு கேட்டாலும், நாங்க இன்னா பண்றது, பட்டறைக்காரன் ஒத்துக்க மாட்டேன்றான்னு எங்க பேர சொல்லிடுங்க. மாமா, கொஞ்சம் எறங்குங்க."

"யோவ்! போட்டதும் நீ, கழட்டறதும் நீயா?"

"ரெண்டும் நான்தாங்க. திட்றதுன்னா என்னயே திட்டுங்க."

திட்டினார். ஐந்து வண்டியிலும் பலகையைக் கழற்றி முடிக்கும்வரை திட்டினார். உருதுவில் ஆரம்பித்து, தெலுங்கு வழியாகப் போய், தமிழுக்கு வந்து சேர்ந்தார். நான் ஒவ்வொரு வசவுக்கும் ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சேவூர்க்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மீசைக்குக் கீழே உதட்டில் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. அவர் மனைவி வந்து ஏறினாள். வண்டியைத் திருப்பித் தருவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சந்தையைத் தாண்டியதும் அந்த ரேக்ளா சேவூர் பாதையில் போகவில்லை, ஆற்றுப் பக்கம் திரும்பியது.

வாத்தியார் போய்விட்டிருப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து என் காதோடு பேசினார்.

"பலகை இருந்தாத்தான் வாங்கணும்னு சொன்னது எங்கப்பாருங்க."

"இப்போ இன்னா சொல்வாரு?"

"பட்டறையிலயே கழட்டிட்டாங்கன்னு சொல்லிக்கறேன். இத எனக்கே குடுத்துடுங்க." அவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு இருந்தது. இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இது இருந்தால் வாங்குவேன், அது இருந்தால் வாங்குவேன் என்று வாசலில் நின்று சொல்பவர்களில் பாதிப் பேர் எது இருந்தாலும் வாங்கமாட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, வாங்கியவருடைய வண்டியைக் கெடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் தெரிந்தவரைக் கண்டால் ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்காமல் போக முடியாது. அப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்த மனிதருக்கு இடம் இல்லை என்று மனசு நோகாமல் சொல்ல ஒரு வண்டி வேண்டியிருந்தது. அதைத்தான் நாம் விற்றோம்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், மாமா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறார்.

"அப்போ நான் எப்பிடியா வூட்டுக்குப் போறது?"

பாவமாகிவிட்டது. ஓட்டிக் காட்டுவதற்காக வாசலில் குதிரை பூட்டி நின்ற ரேக்ளாவில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் தடவையாக அவர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். கல்லை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இன்னாபா, நான் ரொம்ப பேசறனா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், தொழிலே அதுதான். ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் வரவில்லை. "கொஞ்சம் ஜாஸ்திதாங்க" என்றேன்.

"வூட்ல கெய்விகிட்ட பேசினா, வேல கீதுன்னு போயிடறா. அதான் கெடச்ச எடத்துல பேசறேன்." கல்லைத் தூக்கிப் பாதையோரம் போட்டார். "அந்தக் கடிவாள வாரக் குடு, நான் ஓட்டறேன்."

நன்றாகவே ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி நூல் இழைத்துக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார்.

"ஏறு."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சொம்மா."

"சொம்மாவா?" அந்த அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தார். கோயில், கல்யாணம், சாவு, இந்த மூன்றுக்கும் தவிர அவர் வண்டி ஏறியதே இல்லையாம். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், வாரைப் பிடித்த கை தளர்ந்திருந்தது. திரும்பி வந்தபோது அந்த அம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார். அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை. எத்தனையோ பேருக்கு நெய்துகொடுத்த வீட்டில் அதைக் கட்ட இத்தனை நாள் ஒரு காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வண்டி அருகே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அழகாக இருக்கிறதே என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாயா, பட்டறை சட்டம் உனக்கு இல்லியா? எறங்கு!"

இறங்கினேன். வண்டியும் குதிரையும் அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை, இரண்டுக்கும் சேர்த்து மாமா மறுநாள் விலை பேசி முடித்தார். நான் சேவூரிலிருந்து ஆரணிவரை நடந்தே வந்தேன். அப்படி ஒரு சந்தோஷமான நடை எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவில்லை. முதலாளியம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி எங்கபா?"

"சேவூர்லம்மா. அதுல ரெண்டு பேரு போயிகினு கீறாங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. விரல்விட்டு எண்ணினார். "மூணு ஆச்சு. மிச்சம் ரெண்டு."

"ஆடிப்பெருக்குக்குள்ள போயிடும்மா."

"ஒண்ணு போவும். இன்னொண்ண நீ விக்காத." நின்றிருந்த ரேக்ளாவின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். அந்த மரம் காயக் காய அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். "அத நான் எடுத்துக்கறேன். எப்பிடி ஓட்றதுன்னு நாளைக்குக் காட்டிக் குடு. போளூருக்கு நானே போயி, நெல்லுக்கு வேற எடம் பாத்துக்கோண்ணான்னு சொல்லிட்டு வரேன்."

சொன்னபடி போனார். அந்த நாளில் ஒரு பெண்பிள்ளை தானே ரேக்ளா ஓட்டிக்கொண்டு போளூர் ரோட்டில் போனதைப் பார்க்கக் கடைத்தெருவே வெளியே வந்து நின்றது. பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. துணைக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். வழியெல்லாம் பேசுவாய் என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விட்டார்.